தண்ணீர்க் காசு



பொங்கல் விழாவில் ஊரைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நம் சங்கத்தின் செயலாளர் கேட்டார். ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்கள் இரவு உணவு ஆறும்வரை நிறுத்தமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பதினைந்து நிமிடம் என்று கணக்கும் சொல்லிவிட்டார். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி இறங்கிவிடுகிறேன்.

என் ஊர் மருதனார்மடம். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், தாவடி, இணுவில் தாண்டிப் போனால், சுன்னாகத்துக்கு முன்னால் வரும் சந்தி. மரக்கறிச் சந்தை, ஆஞ்சநேயர் கோயில், 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய கல்லூரி, அவர் பெயரைத் தாங்கிய நுண்கலை வளாகம். சந்தையில் வெங்காயத்துக்கு விலை பேசும் குரலும் வளாகத்தில் வீணை பழகும் ஒலியும் ஒரே காற்றில் வரும் ஊர்.

எங்கள் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் மரம் சும்மா நிற்பதில்லை. பூவரசங்குழையை வெட்டிப் புகையிலைத் தோட்டத்தில் தாழ்ப்பார்கள், அதுதான் பசளை. கிளுவைக் கதியால் போட்டால் அடுத்த மழையில் அதுவே உயிர்வேலி. பனையின் ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும், கிழங்கு வயிற்றுக்குப் போகும். இணுவில் தவிலுக்குப் பேர்போன ஊர். அந்தத் தவிலின் கட்டை பலா. நுண்கலை வளாகத்தில் பிள்ளைகள் மடியில் கிடத்தும் வீணையின் குடமும் பலா. எங்கள் சங்கீதத்தில் பாதி, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வளவில் காய்த்துக்கொண்டு நின்றது.

போர் வந்தபோது மரங்களும் அகப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது இந்த மண்டபத்தில் பலருக்குக் காலில் இன்னமும் வலிக்கும். நாங்கள் நடந்தோம், மரங்களுக்கு நடக்கத் தெரியாது. பனங்குற்றிகள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. விறகுக்குப் போனவையும் உண்டு, செல் பட்டுத் தலை இழந்தவையும் உண்டு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, காணி விடுபட்டு, பல வருடங்களுக்குப் பிறகு திரும்பிய சிலர் தங்கள் எல்லைக்கல்லைத் தேடவில்லை. வீட்டு வேம்பைத் தேடினார்கள். அது நின்றால் வீடு இன்ன இடம் என்று பிடித்துவிடலாம்.

இந்த இழப்பை அறிந்தவர்கள்தான் மரநடுகையைப் பொது வேலையாக எடுத்தார்கள். 2013இல் வடக்கு மாகாண சபை அமைந்தது. அதில் விவசாய அமைச்சராக இருந்தவர் பொ. ஐங்கரநேசன். அமைச்சராவதற்கு முன்பே சுற்றுச்சூழல் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். ‘ஏழாவது ஊழி’ அவருடைய நூல். 2014இல், கார்த்திகை பிறக்கும் நவம்பர் மாதம் வடமாகாணத்தின் மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. சபையின் காலம் 2018இல் முடிந்துவிட்டது. மரநடுகை மாதம் அதோடு முடியவில்லை. ஐங்கரநேசனின் தமிழ்த் தேசியப் பசுமை இயக்கமும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் அதைத் தொடர்ந்து கொண்டாடுகின்றன. நல்லூர் சங்கிலியன் பூங்காவில் ‘கார்த்திகை வாசம்’ என்று மலர்க் கண்காட்சியும் நடந்திருக்கிறது. அரசியலில் யாருக்கு வாக்களிப்பது என்று இந்த மண்டபத்தில் இருவர் ஒத்துப்போகமாட்டார்கள். கார்த்திகையில் கன்று நடலாம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள்.

ஏன் கார்த்திகை? ஓடும் ஆறில்லாத குடாநாடு நம்முடையது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மழைக்கு ஓடி வெயிலுக்கு மறைந்துவிடும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. அது சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கிணற்றில் நிற்கிறது. ஆகவே கார்த்திகையில் நட்டால் முதல் இரண்டு மாதம் வானமே வாளி தூக்கும். கன்று தளிர்க்கும். படம் எடுக்கலாம். தொலைவில் இருக்கும் நமக்கு அனுப்பலாம்.

பிறகு தை வரும். மாசியில் நிலம் இறுகும். பங்குனியில் வெயில் முதுகில் ஏறும். அதற்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால், இலையில் இருக்கிற ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். ஐப்பசி மழை திரும்பி வரும்வரை அந்தக் கன்று யாரை நம்பி இருக்கிறது?

கடைசியாக ஊருக்குப் போனபோது அந்தக் கேள்விக்கு ஒரு விடையைப் பார்த்தேன். சித்திரை மாதம், காலை ஆறரை மணி. ஓய்வுபெற்ற ஒருவர். பெயர் சொன்னால் கோபிப்பார், அதனால் சொல்லவில்லை. சைக்கிள் ஹாண்டிலில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கலன். வீதியோரத்தில் ஒவ்வொரு கன்றாக நின்று நின்று ஊற்றிக்கொண்டு போனார். கன்றைச் சுற்றித் தடி நட்டு ஓலை கட்டியிருந்தது, ஆட்டுக்காக. அடியில் சிறு துளை போட்ட மண்முட்டி ஒன்றைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்திருந்தார். அதை நிரப்பிவிட்டால் தண்ணீர் மெதுவாக வேருக்குக் கசியும்.

“ஐயா, இதெல்லாம் நீங்கள் நட்டதோ?” என்று கேட்டேன்.

“நானோ? நான் ஒண்டும் நடேல்லை, தம்பி. நட வந்தது நூறு பேர். பனரோடை வந்தவை, பாண்டு வாத்தியத்தோடை வந்தவை. நான் தண்ணி ஊத்துற ஆள். நடுகை ஒரு நாள் விழா, தம்பி. ஊத்துறது மூண்டு வரிசம்.”

கன்றுகளை எண்ணிக்கொண்டே போனார். ஒன்றில் நின்று தலையை ஆட்டினார். பொலித்தீன் பையைக் கழற்றாமலே யாரோ அவசரத்தில் நட்டிருக்கிறார்கள். வேர் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு, கன்று பட்டுப்போயிருந்தது. இன்னொன்று மின்கம்பிக்கு நேர் கீழே நின்றது. “இது நல்லாய்த்தான் வளரும். வளர்ந்தாப் பிறகு கம்பியில முட்டுதெண்டு வந்து தலையை வெட்டுவினம்” என்றார். ஒரு மரத்தின் முழு வாழ்க்கையும் அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நண்பர்களே, நாம் வழக்கமாக யாரைப் பாராட்டுகிறோம்? மண்வெட்டியோடு படத்தில் நிற்பவரை. அந்தப் படத்துக்குப் பின்னால் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். மழைக்கு முன்பே வேப்பங்கொட்டையும் இலுப்பைக் கொட்டையும் பொறுக்கி நாற்று மேடை போட்ட அம்மா. விடுமுறையிலும் படலை திறந்து பாடசாலைக் கன்றுகளுக்கு நீர்விடும் காவலாளி. வீட்டு மோட்டாரிலிருந்து குழாயை வேலிக்கு வெளியே நீட்டிவிட்டு, மின்கட்டணத்தைப் பற்றிப் பேசாத வீட்டுக்காரர். ஆடு வளர்க்கும் அயலாரோடு சண்டை பிடிக்காமல் கதைத்துச் சமாளிக்கும் பெடியன். மரம் நடும் அமைப்பு என்பது இவர்கள்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. கென்யாவின் வங்காரி மாத்தாய் 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய பசுமைப் பட்டை இயக்கம் 1977 ஜூன் 5ஆம் நாள், நைரோபியில் ஒரு பூங்காவில் ஏழு மரக்கன்றுகளோடு தொடங்கியது. அந்த ஏழில் தப்பியவை இரண்டு. உலகம் போற்றும் இயக்கத்தின் முதல் நடுகையின் கணக்கு அது. பிறகு அந்த இயக்கத்தினர் கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தபோது, நட்ட கன்றுக்குக் கொடுக்கவில்லை. பிழைத்த கன்றுக்குத்தான் கொடுத்தார்கள். காசு எங்கே போகிறதோ, கவனமும் அங்கே போகும். கோயம்புத்தூரில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்த மா. யோகநாதனும் தம் சம்பளத்தில் ஒரு பங்கை ஆண்டாண்டாக மரங்களுக்கே செலவிட்டவர். ஒரு நாள் கொடையால் அவரை யாரும் அறியவில்லை. மாதாமாதம் எடுத்து வைத்த அந்தப் பங்கால்தான் அறிந்தார்கள்.

இப்போது என் ஊரின் பெயருக்கு வருகிறேன். மருதனார்மடம். மடம் என்றால் நமக்குத் தெரியும்: வழிப்போக்கர் இளைப்பாறும் இடம். பருத்தித்துறைப் பக்கம் போனால் தெருவின் இருபுறமும் திண்ணை வைத்து, தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடத்தைப் பார்க்கலாம். தலைச்சுமையோடு நடப்பவர் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வைத்தவை பல. மாடு முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல். தண்ணீர் குடிக்கக் கேணி. முகம் தெரியாத மனிதனுக்கும், பெயர் தெரியாத மாட்டுக்கும் செய்த தருமம் இது.

நம்முடைய ஆட்கள் மடம் கட்டியதோடு போய்விடவில்லை. வயலோ தோட்டமோ ஒரு துண்டை அதற்கென்று எழுதி வைப்பார்கள். தருமசாதனம் என்று அதற்குப் பெயர். அந்தக் காணியின் வருமானத்தில் விளக்குக்கு எண்ணெய், மோர்ப் பானைக்கு மோர், கூட்டித் துடைக்கிறவருக்குக் கூலி. சுவர் கட்டுவது சுலபம், பானை நிரம்பியிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இறந்த பிறகும் தண்ணீர் ஊற்ற வழி செய்துவிட்டுப் போனார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் பிறந்தநாளுக்கு நூறு கன்று. அப்பாவின் ஆண்டுத் திதிக்கு ஆயிரம் கன்று. மனம் நல்ல மனம், அதில் குறையில்லை. ஆனால் அந்த ஆயிரத்துக்கும் பங்குனியில் தண்ணீர் யார் என்று நாம் கேட்பதில்லை. கன்றுக்குக் காசு சேரும். தண்ணீர்ப் பவுசர் வாடகைக்கு, கன்றுக்குக் கட்டும் கூட்டுக்கு, ஊற்றுகிறவரின் நாள்கூலிக்குச் சேராது. காரணமும் எளிது: அதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கன்றுக் காசு போதும். இனித் தண்ணீர்க் காசு சேர்ப்போம். நூறு கன்று நட நினைப்பவர் பத்தை நடட்டும், அந்தப் பத்துக்கும் மூன்று கோடைக்கான செலவை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். அது நம் காலத்துத் தருமசாதனம். நட்ட அன்று படம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்றாவது ஆவணியில் அனுப்பச் சொல்லுங்கள். எந்த மரம் என்பதையும் இங்கிருந்து நாம் சொல்ல வேண்டாம். வேம்பா, இலுப்பையா, நாவலா, பனையா, அந்த மண்ணில் நிற்பவர் தீர்மானிக்கட்டும். பனை என்றால் இன்னும் பொறுமை வேண்டும்: கொட்டை வடலியாகி, வடலி பனையாக, இன்று இந்த மேடையில் கும்மியடித்த பிள்ளைகள் கலியாண வயதுக்கு வந்துவிடுவார்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயிலுக்குப் போங்கள், சந்தைக்குப் போங்கள், உறவினர் வீட்டில் ஒடியற்கூழ் குடியுங்கள். ஒரு காலையில் மட்டும் ஆறரைக்கு எழும்பி வீதிக்கு வாருங்கள். சைக்கிளில் கலனோடு யாராவது வருவார். ஒரு கலனை வாங்கிக்கொள்ளுங்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடிக்கிறேன். இப்போது தை மாதம். இந்த மண்டபத்துக்கு வெளியே குளிர். அங்கே வாடைக்காற்று அடங்கிக்கொண்டிருக்கும், மழை ஓய்ந்திருக்கும். கார்த்திகையில் நட்ட கன்றுகளில் இன்னும் பச்சை இருக்கும். அந்த ஐயா கிணற்றடியில் கலனைக் கழுவி வைத்திருப்பார். அவருக்கு வேலை தொடங்கும் மாதம் இது. வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதில் ‘தண்ணீர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.