கூந்தல் பறிக்கும் கைகள்



கூந்தலைப் பாடியதில் தமிழ்ப் புலவர்கள் சளைத்ததில்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாடலே கூந்தல் மணத்தைப் பற்றித் தும்பியிடம் வினவுவது. பாஞ்சாலியின் விரிகூந்தல் சபதத்தைப் பாரதி காவியமாக்கியது இப்புதுவை மண்ணில்தான். அதன் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. ஆனால், தன் கூந்தலைத் தானே இழை இழையாகப் பிடுங்கிக்கொள்பவளை நம் ஏடுகள் பேசியது அரிது.

அந்நோய்க்குப் பெயரிட்டவர் அலோப்போ என்னும் பிரெஞ்சுத் தோல் மருத்துவர். ஆண்டு 1889, புதுவையும் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவர் கண்ட நோயாளி ஓர் இளைஞன். ஆகவே இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று. 'டிரைக்கோட்டிலோமேனியா' என்ற பெயரின் ஈற்றில் பித்து என்னும் பொருள் ஒட்டிக்கொண்டதுதான் தீயூழ்.

பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதில் தொடங்கும். படிக்கும்போதோ, தனித்திருக்கும்போதோ கை தானே உச்சிக்கு ஏறும். ஓரிழையைப் பறித்தவுடன் ஒரு தணிவு. அடுத்த கணம் நாணம். முத்தியால்பேட்டைத் தெருவில் அத்தகைய ஒருத்தி இருப்பின், எண்ணெய் தேய்க்க வரும் தாயிடமிருந்து ஒதுங்குவாள். வகிட்டை இடம் மாற்றுவாள். கடற்காற்று வீசும் மாலையில் வெளியே வர அஞ்சுவாள். பூச்சடை தைக்க வரும் பெண்களை எண்ணித் திருமணப் பேச்சையே தள்ளிப்போடுவாள். நேர்த்திக்கடன் என்று முடியிறக்கி வந்தால் சில திங்கள் நிம்மதி. ஊர் ஒன்றும் கேளாது. பிறகு முடி வளரும், கையும் திரும்பும்.

"கையை எடு" என்று அதட்டும் வீடு நோயைக் குறைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் அனுப்பிவைக்கிறது. இதை மனவுறுதிக் குறைவு என்பதும் பிழை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனை எண்ணச் சுழற்சி நோயின் உறவு வகைகளுள் சேர்த்தது. 1973-இல் அஸ்ரின், நன் ஆகிய அமெரிக்க உளவியலாளர் வகுத்த பயிற்சி இன்றும் கைக்கொள்ளப்படுகிறது: கை எப்போது, எங்கே எழுகிறது எனக் குறித்துவைத்து, எழும் கணத்தில் விரல்களை இறுக மடக்கிக்கொள்ளல். கேட்க எளிது, பழக மாதங்கள் ஆகும். தணிந்த நோய் மீண்டும் தலைகாட்டவும் கூடும். பறித்த முடியை விழுங்குவோரும் உளர். அது இரைப்பையில் பெரும் உருண்டையாகத் திரண்டுவிட்டால் பெரும்பாலும் அறுவை மருத்துவமே வழி. ஆதலால் அவர்கள் திறத்தில் தாமதம் ஆகாது.

கோரிமேட்டு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை உண்டு; முத்தியால்பேட்டைக்கு அது தொலைவன்று. ஆயினும் பலர், முடி உதிர்கிறது என்று சொல்லித் தைலமும் களிம்பும் வாங்கித் திரும்புகின்றனர். 'நானே பறிக்கிறேன்' என்ற இரண்டு சொற்களைத் தாயிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுகள் கழிகின்றன.