கொடுத்தலும் திருப்பித் தருதலும்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் மேடையில் மணவிலக்கைப் பற்றிப் பேசுவது மங்கலமன்று எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இது சொல்லைத் தேர்ந்தெடுப்போரின் அவை. பிரியும் கணவனும் மனைவியும் பொன்னையும் பொருளையும் பிரித்துக்கொள்ளும் அறையில் ஒரு சொல் படும் பாட்டை எடுத்துரைக்க, இதைவிடத் தக்க அவை எனக்கு வாய்க்காது.

சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005ஆம் ஆண்டு சமரச மையம் தொடங்கப்பெற்றது. அங்கு அமரும் சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. அறையில் பேசியவற்றை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் இயலாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியர் விதித்தாரன்றோ? அவ்விதி எங்களுக்கும் உண்டு. ஆகவே, சமரசராக அமர்ந்து பலரிடம் கண்டவற்றை ஓர் இணையின்மேல் ஏற்றிச் சொல்கிறேன்.

பதினோராண்டு இல்லறம், ஒரு பெண் குழந்தை. வீடு கணவர் பெயரில், வங்கிக் கடனோடு. மனைவி கொண்டுவந்த நாற்பது பவுனில் இருபத்திரண்டு பவுன் அவ்வீட்டுக்கு முன்பணமாகக் கரைந்தது. ரசீது ஒன்றும் இல்லை. எந்த வீட்டில்தான் மனைவியின் வளையலை வாங்கும்போது ரசீது எழுதுகிறார்கள்?

முதல் நாளில் அவ்வம்மையார், “எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்” என்றார். இச்சொல்லைக் கேட்டால் நான் அஞ்சுவேன். அது துறவன்று, களைப்பு. அதை ஒப்பந்தமாக்கினால் ஓராண்டுக்குள் வருந்த நேரும். குழந்தையின் பராமரிப்பையோ தாயே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது; உச்சநீதிமன்றம் 2019இல் அதைத் தெளிவாக்கியிருக்கிறது.

சட்டம் ஓரளவே கைகொடுக்கும். மணவாழ்வில் சேர்த்த சொத்தைப் பிரியும்போது சரிபாதியாகப் பங்கிட வேண்டுமென்னும் விதி இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. சீதனம் மனைவிக்கே உரியது, கணவர் கையில் இருந்தாலும் அது ஒப்படைத்த பொருளே என்று 1985இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2023இல், மணவிலக்கு அல்லாத வேறொரு வழக்கில், கணவர் ஈட்டிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் பங்குண்டு எனச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. வரவு, சொத்து, கடன் மூன்றையும் இருவரும் உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும் என்பது ஜீவனாம்ச வழக்குகளில் 2020 முதல் உள்ள நெறி. ஆனால் உருகிப்போன நகையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவ்வம்மையார் திருமண ஆல்பத்தைக் கொணர்ந்தார். ஒவ்வொரு படமாக எண்ணினோம். நான்காம் பக்கத்தில் கணவர், “அந்த ஆரத்தை நான்தான் விற்றேன்” என்றார். எவரும் கேட்கவில்லை, தாமாகவே சொன்னார்.

பிறகு வழக்கு விலையில் வந்து நின்றது. விற்ற நாளின் விலையைத் தருவதாக அவர் கூறினார். “நான் தந்தது ரூபாயன்று, பவுன்” என்றார் இவர். இவ்வொரு வாக்கியத்துக்கு மூன்று அமர்வுகள் பிடித்தன. தனித்தனியே பேசினோம், கடன் தவணையைக் கணக்கிட்டோம். இறுதியில் வீடும் கடனும் அவருக்கு. இருபத்திரண்டு பவுனுக்கு அன்றைய சந்தை விலை இவருக்கு, இரண்டு வரைவோலைகளாக, முதலாவது இசைவு மனு அளிக்கும் நாளில். குழந்தையின் பெயரில் தனி வைப்புத்தொகை என முடிந்தது.

வரைவை வாசித்தேன். ‘கணவர் மனமுவந்து கொடுக்கும் தொகை’ என்றிருந்தது. எழுதியவன் நானே. அம்மையார் நிறுத்தினார்.

ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல. இழிந்தோன் கேட்பது, ஒத்தோன் கேட்பது, உயர்ந்தோன் கேட்பது என்று இலக்கணம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. இலக்கணம் படியாத அவர் சொன்னார்: “அவர் கொடுக்கவில்லை ஐயா, திருப்பித் தருகிறார்.”

கணவர் நெடுநேரம் பேசவில்லை. அவருக்கும் ஒரு மானம் உண்டல்லவா? ‘கொடுத்தார்’ என்றால் உறவினர்முன் தலைநிமிர்வார். ‘திருப்பித் தந்தார்’ என்றால் எடுத்ததை ஒப்புக்கொண்டவராவார். தொகையில் ஒரு ரூபாயும் மாறாது. ஆயினும் அச்சொல்லுக்காக அன்று ஒப்பந்தமே முறியும் நிலை வந்தது. பிற்பகலில் அவரே என் பேனாவை வாங்கி, இரு சொற்களையும் அடித்துவிட்டு, ‘திருப்பித் தரும்’ என மேலே எழுதினார். இருவரும் அதனருகே சுருக்கொப்பம் இட்டனர்.

ஆல்பம் யாருக்கு என்பதை மட்டும் நாங்கள் எழுத மறந்துவிட்டோம்.