மரச்சீனியும் கணையக் கல்லும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மருத்துவம் கற்றவரல்லோம், புகைவண்டிக் காரியாலயத்தில் கணக்கெழுதும் எழுத்தர் நாம். ஆயினும், பிழைக்க வந்த இத்திருவனந்தபுரத்தில் நடந்த ஓர் அரிய ஆராய்ச்சியை நம் குடும்பங்கள் அறிதல் நலமென்று பேசத் துணிந்தோம்.

1951-இல் இந்நகரில் மருத்துவக் கல்லூரி தோன்றியது. அங்குப் பணியாற்றிய டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் ஒரு விந்தையைக் கண்டார். நீரிழிவு, உண்டு கொழுத்த செல்வரின் நோயென்றே பலரும் எண்ணியிருந்தனர். அவர் கண்ட நோயாளிகளோ எலும்பும் தோலுமான ஏழை இளைஞர்கள். சிறு பிராயத்தில் வயிற்றுவலி. சில ஆண்டுகளில் நீரிழிவு. எக்ஸ்ரே படத்தில் கணையத்தினுள் கற்கள் தெரிந்தன. 1962-இல் சகாக்களுடன் இந்நோய் பற்றிக் கட்டுரை எழுதினார். 1968-இல் நூலே வெளியிட்டார்.

காரணம் யாது? அவர்கள் உண்ட உணவை ஆராய்ந்தார். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரச்சீனிக் கிழங்கு, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் பசி தீர்த்தது. அக்கிழங்கில் சயனைடு நஞ்சு பிறக்கும் பொருள் உண்டு. அதை உடல் முறிக்கப் புரதச்சத்து வேண்டும். மீனும் பருப்பும் வாங்க இயலாதவர்க்கு அது ஏது? எனவே கிழங்கே கணையத்தைக் கெடுக்கக்கூடும் என்று, 1979-இல் மக்மில்லன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து கருத்துரைத்தார்.

அக்கருத்து நிலைபெறவில்லை. மரச்சீனி உண்ணாதவர்க்கும் இந்நோய் கண்டது. அதையே உண்டு வாழும் ஆப்பிரிக்கப் பகுதிகள் பலவற்றில் அரிதாயிருந்தது. 2002 அளவில், மரபணு மாற்றமும் காரணங்களுள் ஒன்றெனத் தெரிந்தது. ஆயினும் அவர் உழைப்பு வீணன்று. மெலிந்த ஏழைப் பிள்ளைக்கும் நீரிழிவு வருமென்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர்களுள் அவர் ஒருவர்.

அன்பர்களே! ஆயுளெல்லாம் ஆய்ந்த அறிஞருக்கே ஒற்றைக் காரணம் அகப்படவில்லை. நாமோ, பிள்ளைக்கு நீரிழிவு என்று கேட்டதும், “இனிப்புக் கொடுத்துக் கெடுத்தாள்” என்று பெற்றவளைப் பழிக்கிறோம். அப்பழிக்கு அஞ்சியே சில வீடுகளில் நோயை மறைக்கின்றனர். இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு அந்தத் தாமதம் உயிருக்கே உலையாகும்.

தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமின்றி மெலிதல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி இவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சோதியுங்கள். மரச்சீனியை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு மீனோடோ பருப்போடோ உண்ணுங்கள்.

பழி பேசுவதை விடுத்துப் பிள்ளையைக் காப்போமாக.