முப்பது அமுக்கு, ரெண்டு மூச்சு

(செவிலியர் பயிற்சி மாணவிகளும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிஞர் என்று சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பாதிதான் சரி. காலையில் பத்து மணிக்கு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டால் நான் வெறும் பணம் எண்ணுகிறவன். நூறு தாள் ஒரு பாக்கெட், பத்துப் பாக்கெட் ஒரு பண்டல். எண்ணுவதற்கு மெஷின் வந்தும் என் விரல் அந்த வேலையை விடவில்லை. தூக்கத்தில் கட்டைவிரல் அசைகிறது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

என் தங்கச்சியும் தூக்கத்தில் எண்ணினாள். அவள் எண்ணினது முப்பது வரைக்கும். முப்பது வந்ததும் நிறுத்தி, வாயைக் குவித்து ரெண்டு தரம் ஊதுவாள். திரும்ப ஒண்ணுலேருந்து. பக்கத்தில் படுத்திருந்த அம்மாதான் முதலில் பார்த்தது. ‘இன்னாடி ஊதுற, அடுப்பா எரியுது?’ என்று தட்டி எழுப்பியிருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

2016, ஆனி மாசம். அவள் ஒரு அரசு மருத்துவமனையில் தொகுப்பூதிய நர்சாகச் சேர்ந்து ஒரு வருஷம். நைட் டூட்டி முடித்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். ரோட்டோரம் ஒரு பம்புசெட்டு. பொம்பளைங்க ஓவென்று கத்திக்கொண்டு குறுக்கே ஓடி வருகிறார்கள். டிரைவர் பிரேக் போட்டார். நாலு வயசுப் பையன், தொட்டியில் விழுந்துவிட்டான். எவ்வளவு நேரமாச்சு என்று யாருக்கும் தெரியவில்லை.

இவள் இறங்கி ஓடினபோது ஒருத்தர் பையனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நம் ஊர்களில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். சுற்றினால் தண்ணீர் கொட்டிவிடும், பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று நம்புகிறோம். வயிற்றில் உள்ளது கொஞ்சம் வரும். அது மூச்சுக்குழாயில் போனால் இன்னும் கேடு. சுற்றுகிற நேரமெல்லாம் மூளைக்குக் காற்றில்லாத நேரம். மாணவிகளுக்கு இது தெரிந்திருக்கும், தோழர்களுக்காகச் சொல்றேன்: தண்ணியில மூழ்கின பிள்ளைக்கு முதலில் வேண்டியது மூச்சு. தரையில் படுக்கவைத்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கை அடியை வைத்து அமுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 100லிருந்து 120 வேகத்தில், நெஞ்சுக்கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அந்த வயசுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். தனி ஆளாக இருந்தால் முப்பது அமுக்கு, ரெண்டு மூச்சு. இடையில் நிறுத்தக்கூடாது. பொம்மையில் பழகும்போது 5 சென்டிமீட்டர் ஒண்ணும் இல்லை. எலும்பும் தோலுமான நெஞ்சில் அது எவ்வளவு பெரிய பள்ளம் என்று அவளைக் கேட்டால் தெரியும்.

அவளுக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்ததாம். கண்டக்டர் கணக்கில் நாலஞ்சு நிமிஷம். பையன் இருமினான், கக்கினான், அழுதான். 108 வண்டி வந்தது. ஏற்றி அனுப்பினாள். பையன் பிழைத்துக்கொண்டான். இன்றைக்கும் இருக்கிறான்.

வண்டி போனதும் ஒரு ஆயா சொம்பில் தண்ணி கொண்டு வந்தது. கூட்டத்தில் யாரோ ‘இது காலனிப் பொண்ணுப்பா, இன்னாரு மவ’ என்றார்கள். சொம்பு கைக்கு வரவில்லை. ‘கைய நீட்டும்மா’ என்று தூக்கி ஊற்றியது ஆயா. தங்கச்சி வாய் கொப்பளித்தாள். பையன் கக்கினது அவள் வாயில் இருந்தது. கொப்பளித்துவிட்டு, அதே கையில் வாங்கிக் குடித்தாள்.

இதை அவள் சொன்ன அன்றைக்கு ராத்திரியே எனக்குக் கவிதை வந்துவிட்டது. வராமல் இருக்குமா? நம் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. கூட்டங்களில் படித்தேன், கை தட்டினீங்க. ஒரு கல்லூரி விடுதியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள் என்று கேள்விப்பட்டு, மறைக்காமல் சொல்றேன், சந்தோஷப்பட்டேன். அது பொய்க் கவிதை இல்லை. ஊற்றின தண்ணி உண்மை.

ஆனால் என் வீட்டில் அவள் சோறு தின்னவில்லை. சின்னப் பிள்ளைக்கு நரம்பு கண்டுபிடித்து ஊசி போட வார்டில் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவு நல்ல கை. அந்தக் கை நடுங்கியது. ஒரு குழந்தைக்கு மூணு தரம் குத்தியும் கிடைக்காமல் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. குழாயடியில் குடத்தில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ரெண்டு நாள் லீவு கேட்டாள். ‘பிள்ளதான் பொழச்சிடுச்சே, அப்புறம் உனக்கு இன்னா?’ என்றார்கள் மேலே இருந்தவர்கள். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்குமோ என்னவோ. மனசு கெட்டதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்சுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடின பிறகுதான் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. அந்தச் சம்பளத்தில், எப்ப வேண்டுமானாலும் போகச் சொல்லக்கூடிய வேலையில், ‘எனக்குத் தூக்கம் வரல சார்’ என்று எந்தப் பெண் வாய் திறப்பாள்?

பிழைத்த பிள்ளைக்காக அழ நமக்கு வழக்கம் இல்லை. செத்திருந்தால் அவள் அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நம் தெருவில் சாவு விழுந்தால் பொம்பளைங்க தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். ஒருத்தி இழுத்தால் மற்றவள் தாங்குவாள். தன் பழைய துக்கத்தையும் அங்கேயே கொட்டிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவாள். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர், அவசரப் பிரிவில் ஒருவர் இறந்ததும் அந்த அறையில் உள்ள எல்லோரும் ஒரு நிமிஷம்போலப் பேசாமல் நிற்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நல்ல காரியம். (எங்க ஆயாக்கள் கேட்டால், ஒரு நிமிஷம் எந்த மூலைக்கு என்பார்கள்.) ஆனால் பிழைத்துவிட்டால் அதுவும் கிடையாது. அடுத்த கட்டில், அடுத்த ஊசி.

உடம்பின் கதையே அப்படித்தான் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் கை நடுங்காது. சுரக்க வேண்டியது சுரந்து, உடம்பு வேலையை முடித்துக் கொடுத்துவிடும். நடுக்கம் அப்புறம் வரும். சாயந்திரம் கேஷ் குறைந்தால் நான் கல்லு மாதிரி உட்கார்ந்து தேடுவேன். கணக்கு சரியாக வந்த பிறகுதான் கை உதறும். காசுக்கே இப்படி.

ஒரு மாசம் போயிருக்கும். அந்தக் கவிதை வந்த இதழை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

‘அண்ணே, தண்ணி ஊத்திக் குடிக்கறது எனக்குப் புதுசா? பள்ளிக்கூடத்துல படிக்கச் சொல்லவே அப்படித்தான குடிச்சேன். ராத்திரியில அது வர்றதில்ல. அந்தப் புள்ள உதடு வருது. நாவப்பழம் தின்னாப்போல நீலமா, ஜில்லுனு. அது என் வாயில இருக்குது. அழுத்துறப்ப நெஞ்சு எலும்பு ஒடிஞ்சிடுமோன்னு நெனச்சேன், அது என் கையில இருக்குது. நீ ஒருவாட்டிகூட அதக் கேக்கல. ஒனக்குத் தேவையானத மட்டும் எடுத்துக்கினு பூட்ட.’

தோழர்களே, மேல்சாதி விமர்சகன் எவனும் என் கவிதையை இப்படி அடித்ததில்லை.

அதற்கப்புறம் நான் செய்தது இன்னொரு தப்பு. தினமும் உட்காரவைத்து, ‘சொல்லு, எல்லாத்தையும் சொல்லு, பாரம் குறையும்’ என்று நச்சரித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் மட்டும் இல்லை, படித்தவர்களும் இப்படி நினைத்திருக்கிறார்கள். 1983ல் ஜெஃப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர், விபத்துக்குப் போய் வருகிற ஊழியர்களை உடனே கூட்டி உட்காரவைத்து நடந்ததைப் பேசவைக்கும் முறையை எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002ல் சொன்னது: ஒரே ஒரு தடவை இப்படிப் பேசவைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை, அதைக் கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும். 2011ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூணு வேலை சொல்கிறது. பார், காது கொடு, உதவியோடு சேர்த்து விடு. பேசச் சொல்லி நெருக்காதே என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது.

அந்தக் கையேட்டைப் படிக்காத எங்கம்மா அதைச் செய்தது. பாயை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டது. அவள் எண்ணி முழித்துக்கொண்டால் விளக்கைப் போட்டு, முறத்தை எடுத்து வைத்து மல்லாட்டை உரிக்க ஆரம்பிக்கும். ஒண்ணும் கேட்காது. ரெண்டு மூணு ராத்திரி ரெண்டு பேரும் சும்மா உரித்திருக்கிறார்கள். நாலாம் ராத்திரி இவளாகவே ஆரம்பித்தாள். அம்மா ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தது. வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர், தன் டூட்டியை மாற்றிக் கொடுத்தார். கேண்டீனுக்குக் கூட்டிப் போய் டீ வாங்கிக் கொடுத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் தன் கையில் போன ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னாராம். ‘அந்தக் கொழந்த போட்டிருந்த சட்ட கலர் இன்னும் ஞாபகம் இருக்கு’ என்றாராம். தனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தங்கச்சிக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

எல்லோருக்கும் மல்லாட்டை போதாது. தூக்கம் கெடுவதும், பயமும், திரும்பத் திரும்ப அந்தக் காட்சி வருவதும் முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவதுதான். ஒரு மாசம் தாண்டியும் விடவில்லை என்றால், சோறும் வேலையும் நின்றுபோகிற அளவுக்கு இருந்தால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கின டெலிமானஸ் எண் 14416. காசு கிடையாது. மாணவிகள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை: சம்பளம், பணிநிரந்தரம் என்று கோரிக்கை எழுதும்போது, இப்படி ஒரு நாளுக்குப் பிறகு கேள்வி கேட்காமல் ரெண்டு நாள் லீவும், டூட்டி மாற்றமும் என்று ஒரு வரி சேருங்கள். அதைக் கருணையாகக் கேட்காதீர்கள். சம்பளம் மாதிரி கேளுங்கள்.

தங்கச்சி இப்பவும் வேலையில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தரம் எண்ணுவாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுபடியும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தக் கவிதையைப் படிக்கச் சொல்லி இங்கே நண்பர்கள் கேட்டார்கள். இன்றைக்கு வேண்டாம். போன வாரம் அவளுக்கு போன் பண்ணி, இப்படி ஒரு கூட்டம், உன் விஷயத்தைப் பேசலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘சொல்லு. தண்ணி ஊத்துனதயும் சொல்லு, வுட்றாத. ஆனா மொதல்ல அந்தப் புள்ளயச் சொல்லு’ என்றாள்.

சொல்லிவிட்டேன்.