வீட்டுச் சுவரும் கோயில் சுவரும்



சோழவரத்திலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே போகிறவர்களுக்குச் சிறுவாபுரியைத் தெரியாமல் இருக்காது. சின்னம்பேடு கிராமத்தில் உள்ள பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். செவ்வாய்க்கிழமை என்றால் அங்கே கூட்டம் நெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டுதல் ஒன்றுதான்: சொந்தமாக ஒரு வீடு அமைய வேண்டும். மனை வாங்கிக் கட்ட முடியாமல் இருப்பவர் வருகிறார். பாதிக் கட்டடத்தில் பணம் தீர்ந்துபோனவர் வருகிறார். வாடகை வீடு மாறி மாறிச் சலித்தவரும் வருகிறார். செங்கல்லும் சிமென்ட்டும் காசும் சேர்ந்தால் மட்டும் வீடு ஆகிவிடாது என்று நம் மக்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

அந்த நம்பிக்கை வீட்டின் அமைப்பில் எங்கெல்லாம் பதிந்திருக்கிறது? நம் ஊர்களில் எழுந்த கிறிஸ்தவ ஆலயங்களை அது எப்படி மாற்றியது? இன்று உங்களோடு அதைத்தான் பேச விரும்புகிறேன்.

முதலில் வீடு. மனை போட்டதும் வாஸ்து நாள் பார்க்கிறோம். ஈசானி மூலையில் பூமி பூஜை. அக்னி மூலையில் அடுப்பங்கரை. நிலைக்கால் வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் பூசி, அடியில் நவதானியமும் காசும் போடுகிறோம். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி, துண்டு. குடிபோகும் நாளில் பால் காய்ச்சுகிறோம். வேடிக்கையாக இருக்கும், கிறிஸ்தவக் குடும்பம் பங்குத் தந்தையை அழைத்து வீடு மந்திரித்த கையோடு பால் காய்ச்சுகிறது. இஸ்லாமியக் குடும்பம் பாத்திஹா ஓதிப் பால் காய்ச்சுகிறது. ஓதும் வேதம் வேறாக இருக்கலாம். அடுப்பில் பொங்கும் பால் எல்லோருக்கும் ஒன்றுதான். மதம் மாறினாலும் மாறாமல் கூடவே வருகிற வழக்கங்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழைய நாட்டு ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. அதைக் கடந்தால் நடை. அப்புறம் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். பிறகு கூடம், சமையலறை, கடைசியில் கொல்லை. வழிப்போக்கர் திண்ணையோடு நின்றார். தெரிந்தவர் முற்றம் வரை வந்தார். உறவினர் கூடத்தில் உட்கார்ந்தார். அடுப்பங்கரைக்குள் போக நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். பெரிய கோயிலிலும் இதே ஒழுங்குதான். கோபுரம், கொடிமரம், மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை. உள்ளே போகப் போக இடம் சுருங்கும், வெளிச்சம் குறையும், நுழையக்கூடியவர்களும் குறைவார்கள். வீட்டையும் கோயிலையும் ஒரே எண்ணம்தான் வகுத்திருக்கிறது.

முற்றம் மழைநீரை வாங்கியது, வெக்கையை வெளியேற்றியது, கல்யாணத்துக்கும் இழவுக்கும் இடம் கொடுத்தது. திண்ணை முன்பின் தெரியாதவருக்கும் படுக்க இடம் தந்தது. இவையெல்லாம் நம் முன்னோர் நமக்கு விட்டுப்போன செல்வம். ஆனால் அதே திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதையும் பண்பாடுதான் வகுத்தது. ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாக நிலத்தைப் பிரித்ததும் அதுதான். வீட்டின் அழகைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது.

இனி ஆலயத்துக்கு வருவோம். உலகத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய கிறிஸ்தவ வழிபாட்டு இடங்களில் ஒன்று சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் தூரா யூரோபோஸ் என்ற ஊரில் இருந்தது. 1930களில் தோண்டி எடுத்தார்கள். அது ஒரு வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். நம் ஊர்க்காரர் யார் பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். கி.பி. 240ஐ ஒட்டி அந்த வீட்டை வழிபாட்டுக்காக மாற்றினார்கள். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறையைத் திருமுழுக்குக்கு ஒதுக்கிச் சுவரில் ஓவியம் தீட்டினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. ஒரு சுவரை எடுத்ததும் வீடு ஆலயமானது.

நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆதரவு கிடைத்த பிறகுதான் ஆலயங்கள் பெரிதாக எழுந்தன. அதற்கும் ஏற்கெனவே இருந்த ஒரு கட்டடத்தைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றமாகவும் வணிகக் கூடமாகவும் ரோமர்கள் பயன்படுத்திய நீண்ட மண்டபம் அது. ஆக, எந்த நாட்டிலும் ஆலயம் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. அந்த நாட்டு மக்கள் கட்டிப் பழகிய கட்டடத்திலிருந்தே வந்தது.

நம் பக்கம் பார்ப்போம். பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு. போர்ச்சுக்கீசியர் வந்து இறங்கிய கடற்கரை. அங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று மரபாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1516இல், மயிலாப்பூர் லஸ் ஆலயம் என்பார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சாவை மறக்காதே என்ற ஐரோப்பியச் சமயச் சிந்தனை நம் உப்புக்காற்றில் நின்றுகொண்டிருக்கிறது.

ஐரோப்பியர் வரைபடம் கொண்டுவந்தார்கள். கட்டிய கைகள் இந்த மண்ணின் கைகள். எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1821இல் திறக்கப்பட்டது. லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தை ஒத்த முகப்பு. உள்ளே வட்டமான கூடம், மேலே குவிமாடம். ஸ்காட்லாந்துச் சபையாருக்குப் பிரசங்கம்தான் முதன்மை என்பதால், எல்லோருக்கும் போதகர் தெரியும்படி, குரல் கேட்கும்படி வட்டமாக அமைத்தார்கள். ஆனால் எழும்பூர் மண் இளகிய மண். அவ்வளவு பாரத்தை அது தாங்க வேண்டுமே? கட்டடத்தின் அடியில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார்கள். கிணறு இறக்குவது நம் ஆட்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்த வேலை. தூண்களுக்குப் பளிங்குபோல மினுங்கும் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, அரைத்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் இந்தப் பூச்சைத்தான் நம் ஊர்ப் பெரிய வீடுகளின் சுவர்களிலும் தூண்களிலும் பார்க்கிறோம்.

கட்டடத்துக்கு வெளியே வந்தால் நம் பண்பாட்டின் கை இன்னும் தெளிவாகத் தெரியும். வேளாங்கண்ணிப் பேராலயத்தின் முகப்பு ஐரோப்பியக் கோத்திக் பாணி. ஆனால் ஆகஸ்ட் 29ஆம் தேதி அங்கே கொடியேற்றம். தொடர்ந்து தேர் பவனி. முடி காணிக்கை. மாதா குளம். தேர் சுற்றி வர அகலமான வீதி வேண்டும், கொடி ஏற மரம் வேண்டும், மக்கள் இரவெல்லாம் தங்க வெளி வேண்டும். இதனால் ஆலயத்துக்கு உள்ளே இருக்கும் அளவு இடம் வெளியிலும் தேவைப்படுகிறது. சாலையோர மாதா கெபிகளையும் பாருங்கள். பிரான்சில் லூர்து என்ற ஊரில் உள்ள குகையின் சாயலில் கட்டியவை. ஆனால் தெருமுனைப் பிள்ளையாரைப் போலவே, வேலைக்குப் போகிற வழியில் செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மெழுகுவத்தி ஏற்றுகிறவரின் மதத்தை அங்கே யாரும் கேட்பதில்லை.

இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். வெள்ளையர் கட்டடம் நமக்கு எதற்கு என்று, அங்குள்ள ஜெபாலயத்தைக் கோபுரத்தோடு திராவிடப் பாணியில் எழுப்பினார்கள். நாடு விடுதலைக்குப் போராடிய காலம் அது. குளித்தலைக்கு அருகே 1950இல் தொடங்கிய சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமமும் இதே வழியில் போனது.

இதை மனமாரப் பாராட்டலாம். கூடவே ஒரு கேள்வியையும் மதிக்க வேண்டும். கோபுரம் யாருடைய பண்பாடு? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939 ஜூலையில்தான். அதுவரை கோபுரத்தைத் தொலைவிலிருந்தே பார்த்த குடும்பங்களுக்கு, அது தங்களுடையது என்று எப்படித் தோன்றும்? தலித் கிறிஸ்தவர்கள் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆலயத்துக்குள்ளேயே சுவர் எழுந்த கதையும் நம்மிடம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயம், கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்த இரண்டு கூடங்களைக் கொண்டது. பீடம் ஒன்று. வெள்ளாளர் ஒரு கூடத்தில், நாடார் உள்ளிட்டவர்கள் மற்றதில். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையைக் கேட்டார்கள். 1910இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று வெள்ளாளர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. தூரா யூரோபோஸில் சுவரை எடுத்து ஆலயமாக்கினார்கள். நாம் ஆலயத்துக்குள் சுவரைக் கொண்டுபோய் வைத்தோம். நல்லவேளை, இடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

இன்று சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்புகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் லைன் வீடுகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். மாடி அறையில், ஷீட் கூரைக்கடியில் ஜெப வீடுகள் நடக்கின்றன. பலருக்கு அவை அழகில்லாத கட்டடங்களாகத் தோன்றும். ஆனால் கிறிஸ்தவ வழிபாடு தொடங்கியதே இப்படி ஒரு வீட்டில்தான் என்பதை மறக்கக் கூடாது.

வீடு கட்டப்போகும் நேயர்களுக்கும், கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ கட்டும் கமிட்டியாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். முன்னோர் செய்தார்கள் என்பதற்காக மட்டும் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பழசு என்பதற்காக எதையும் எறியவும் வேண்டாம். இரண்டடி நிலம் விட்டு ஒரு திண்ணை போடுங்கள். உச்சி வெயிலில் பொருள் கொண்டுவந்து தரும் பையன் அதில் உட்காரட்டும். காற்று வர, மழை விழ ஒரு சின்ன முற்றம் விடுங்கள். ஆலயத்துக்குச் சுற்றிலும் வெளி விடுங்கள், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை போடுங்கள். கட்டடத்தின் வரைபடத்தைப் பார்க்கும்போது உயரத்தையும் முகப்பையும் கடைசியில் பாருங்கள். இந்தச் சுவர் எதற்கு, இது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை முதலில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத சுவர் எதுவானாலும், கட்டுவதற்கு முன்பே அதை எடுத்துவிடலாம்.