உடலுக்குள் செல்லின் வழித்தடம்

நவி மும்பையின் கார்கரில், டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்தில், நோயாளியின் வெள்ளணுக்களையே மரபணு மாற்றிப் புற்றுநோயின் மேல் ஏவும் கார்-டி சிகிச்சை 2021 ஜூனில் இந்தியாவில் முதன்முதலாக அளிக்கப்பட்டது. ஐஐடி பம்பாயில் உருவான அம்மருந்து 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. இரத்தப் பரிசோதனை இத்தகைய செல்களின் எண்ணிக்கையைக் கூறுமேயன்றி, அவை உடலில் எங்கே தங்கின என்பதைக் கூறாது.

அதை அறிய ஆராயப்படும் வழிகளுள் ஒன்று எம்.ஆர்.ஐ. செல்களுக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை ஏற்றிச் செலுத்தினால், துகள்கள் அருகிலுள்ள காந்தப்புலத்தைக் குலைப்பதால், அவ்விடம் படத்தில் கருமையாகத் தெரியும். நெதர்லாந்தின் நைமேகனில் மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாளிகளிடம் இம்முறையைக் கையாண்டு 2005இல் வெளியான ஆய்வு, நிணநீர்க் கணுவுக்குள் செல்களைச் செலுத்த அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்ட ஊசியே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அக்கணுவைத் தவறவிட்டதைக் காட்டியது; பலிக்காத சிகிச்சைக்குச் செல்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆயினும் அக்கருமையை முழுதும் நம்புவதற்கில்லை. செலுத்திய செல் மடிந்தபின் அதன் இரும்பை விழுங்கும் பாதுகாப்புச் செல்லும் அதே கருமையைத்தான் காட்டும். ஆகவே, மென்திசுக்களில் இயல்பாக அநேகமாக இல்லாத ஃபுளோரினை அடையாளமாக ஏற்றும் முறையும் ஆராயப்படுகிறது. எனினும் அதன் சமிக்ஞை மெலிவானதாகையால், ஆயிரக்கணக்கான செல்கள் ஓரிடத்தில் திரண்டாலன்றி அது புலப்படாது.