பெயரும் முகவரியும்: இணையக் களப்பெயர் முறையும் தமிழெழுத்தும்



மொழியியலைப் பயின்று, அதையே பயிற்றி ஓய்வுபெற்ற ஒருவர் கணினி வலையமைப்பைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பொறியியல் நம் துறையன்று. ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருள் பெயரைப் பற்றியது. இரண்டு பெயர்கள் ஒன்றா, வேறா என்னும் வினாவைப் பற்றியது. இலக்கணத்தார்க்கு அது பழகிய வினா. ஆகவே துணிந்து ஒப்புக்கொண்டோம்.

இணையத்தில் ஒரு கணினியிடமிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி செல்ல வேண்டுமானால் எண்முகவரி வேண்டும். பழைய முறையில் அது 255க்கு மேற்படாத நான்கு எண்களின் தொடர். புதிய முறையில் இன்னும் நீளமானது. பொறிக்கு எண் எளிது, மனிதர்க்குப் பெயர் எளிது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று பெயரை எண்ணாக மாற்றித் தருவதே களப்பெயர் முறை. வழக்கில் டொமைன் பெயர் என்கிறோம்.

தொடக்கத்தில் இதற்கென்று ஒரு முறையே இருந்ததில்லை. ஒரு பட்டியல்தான் இருந்தது. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களையும் எண்களையும் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் குழுவினர் ஒரே கோப்பில் தொகுத்து வைத்திருந்தனர். புதிய கணினி ஒன்றைச் சேர்க்க விரும்புவோர் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் அக்கோப்பை அவ்வப்போது படியெடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக அப்பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் புதிய வழியொன்றை வகுத்தார். முழுப் பட்டியலையும் எவரும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டும் வைத்திருந்து, மற்றப் பகுதி யாரிடம் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். அதன் திருந்திய வடிவம் 1987இல் வெளிவந்தது. இன்றும் அடிப்படை அதுவே.

மாணவர் ஒருவர் தம் பள்ளியின் இணையப் பெயரைத் தட்டுகிறார் என்று கொள்வோம். அவருடைய கருவி முதலில் இணையச் சேவை நிறுவனத்தின் வழங்கியைக் கேட்கிறது. நம் சார்பில் அலைந்து விசாரித்து வருவது அவ்வழங்கியின் வேலை. அது வேர் வழங்கியிடம் செல்கிறது. வேர் வழங்கிக்குப் பள்ளியைத் தெரியாது. "எஸ்ஜி" என்று முடியும் பெயர்களுக்குப் பொறுப்பு யார் என்பது மட்டும் தெரியும். அங்கே போய்க் கேள் என்று அனுப்பிவிடுகிறது. அங்கே கேட்டால் கல்வி சார்ந்த பெயர்களுக்கு உரியவரிடம் அனுப்புகிறார்கள். இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி இறுதியில் எண் கிடைக்கிறது. கிடைத்த விடையைக் குறித்த காலம் வரை நினைவில் வைத்துக்கொள்வதால், அடுத்த மாணவர் கேட்கும்போது இத்தனை அலைச்சல் இல்லை. இவை யாவும் கண்ணிமைப்பொழுதில் நடந்துவிடுகின்றன. வேர் வழங்கிகள் பதின்மூன்று என்று பல நூல்களில் காண்கிறோம். பதின்மூன்று என்பது பெயர்களின் எண்ணிக்கை. அவற்றை நடத்தும் அமைப்புகள் பன்னிரண்டு. படிகளோ உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இயங்குகின்றன.

இம்முறையின் அருமை அது நின்றுபோகும் நாளில்தான் தெரியும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகின் கண்ணிலிருந்து மறைந்தன. பராமரிப்புப் பணியின்போது நேர்ந்த பிழையால் அந்நிறுவனத்தின் உள்வலையமைப்பு துண்டிக்கப்பட, அதன் பெயர் வழங்கிகளுக்குச் செல்லும் வழிகளும் அறிவிப்பிலிருந்து நீங்கிவிட்டன. கேட்டால் விடை சொல்ல ஆளில்லை என்ற நிலை. பெயர் இருந்தது, பெயரால் சுட்டப்படும் இடத்துக்குப் போகும் வழிதான் இல்லை.

இனி நம் துறைக்கு வருவோம். களப்பெயரில் சிறியது முன்னும் பெரியது பின்னுமாக வருகின்றன: பள்ளி, கல்வித்துறை, நாடு. கடித உறையில் முகவரி எழுதும் வரிசையும் இதுவே. ஆனால் தமிழ்த் தொடரின் இயல்பு இதற்கு நேர்மாறானது. சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள்: மண்டலம், வளநாடு, நாடு, அதன்பின்னரே ஊர். இன்றும் "சிங்கப்பூர்க் கல்வித்துறைப் பள்ளி" என்றே சொல்கிறோம். தலைமைச் சொல் இறுதியில் நிற்கிறது. பிரிட்டனின் கல்விசார் வலையமைப்பு ஒரு காலத்தில் நாட்டுப்பெயரை முதலில் வைத்தே பெயர்களை எழுதிவந்தது. பிறகு உலக வழக்கோடு ஒத்துப்போக அதைக் கைவிட்டது. அவ்வழக்கு வென்றிருந்தால் தமிழுக்குச் சற்று உகந்ததாக இருந்திருக்கும். போகட்டும்.

வரிசையைவிடப் பெரிய இடர் எழுத்தில் இருந்தது. இம்முறையில் இருபத்தாறு இலத்தீன் எழுத்துகளும் பத்து இலக்கங்களும் சிறுகோடும் மட்டுமே புழங்கின. பிற எழுத்துகளுக்கும் இடம் வேண்டும் என்ற முயற்சியில் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. 1998இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் தின் வீ அவர்களின் முன்னெடுப்பில் இதற்கான தொடக்க ஆய்வு நடந்தது. அதற்கு முன்பே, 1995இல், அவரும் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் இணைந்து தமிழை இணையத்தில் ஏற்றியிருந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

2003இல் ஏற்கப்பட்ட தீர்வு சற்று வேடிக்கையானது. பெயர் வழங்கிகளை மாற்றவில்லை; பெயரையே வேடம் போட வைத்தார்கள். நாம் தமிழில் எழுதுவதைக் கருவி இலத்தீன் குறிகளின் தொடராக மாற்றி அனுப்புகிறது. வேடம் என்று அறிவிக்க எக்ஸ், என் என்னும் இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னே நிற்கும். 2010இல் இலங்கையும் 2011இல் சிங்கப்பூரும் இந்தியாவும் தத்தம் பெயரைத் தமிழெழுத்தில் உச்சிப் பெயராகப் பெற்றன. "சிங்கப்பூர்" என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் பதினொரு குறிகள். வேடமிட்ட வடிவில் இருபத்திரண்டு.

ஆறு எப்படிப் பதினொன்றாயிற்று? தொல்காப்பியர் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறுவதாகச் சொன்னார். யூனிகோடோ அகரம் ஏறிய உயிர்மெய்யை அடிப்படையாக வைத்து, புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்து மெய்யை ஆக்குகிறது. ஆகவே "ர்" அதற்கு இரண்டு குறிகள். இது தமிழுக்கு இழைத்த தீங்கு என்று வாதிடுவோர் உளர். குறியீட்டையும் இலக்கணத்தையும் ஒன்றாகக் கருத வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. பொறிக்கு வடிவம் தெரியாது, குறியெண் மட்டுமே தெரியும். "ஔவை" என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஔ என்பதை ஒரே குறியாக இடலாம். ஒகரத்தின்பின் ஔகார நீட்சிக்குறியை இட்டும் ஆக்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும் விதி உண்டு. மூன்றாவதாக, ஒகரத்தின்பின் ளகரத்தை இட்டு "ஒளவை" என்று தட்டுவோரும் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. பொறிக்கு அது முற்றிலும் வேறு பெயர். நாமே பல்லாண்டுகள் நம் விரிவுரைக் குறிப்புகளில் இம்மூன்றாம் வடிவத்தைத் தட்டிவந்தோம். ஒருநாள் தேடுபொறி "ஔவை" எங்குமே இல்லை என்று சொன்னபோதுதான் செய்த பிழை விளங்கியது. குறிப்பேட்டில் இது நகைப்போடு போய்விடும். வங்கியின் பெயரிலோ பள்ளியின் பெயரிலோ நேர்ந்தால், ஒத்த வடிவுள்ள பெயரைப் பதிந்துகொண்ட வேறொருவரிடம் நம் கடவுச்சொல் போய்ச் சேரும். "ஸ்ரீ" என்னும் வடிவத்துக்கும் இரண்டு குறித்தொடர்கள் உள்ளன. தமிழ் இலக்கங்களாகிய ௧, ௨, ௭ ஆகியவை க, உ, எ என்னும் எழுத்துகளைப் போலவே தோன்றுகின்றன. உச்சிப் பெயர்களில் இலக்கங்களுக்கு இடமில்லாதது நல்லதாயிற்று. மலையாள உகரமும் தமிழ் உகரமும் ஏறத்தாழ ஒரே தோற்றம் என்பதையும் மறக்கலாகாது.

இவையாவது வடிவ மயக்கம். அடுத்தது நேராக நம் வகுப்பறையைச் சார்ந்தது. களப்பெயரின் ஓர் உறுப்புக்குள் இடைவெளி விட முடியாது. சொற்கள் சேர்ந்தே நிற்க வேண்டும். சேர்ந்தால் புணர்ச்சி உண்டு. "தமிழ்ப்பள்ளி" என்பது ஒரு பெயர். "தமிழ்பள்ளி" என்பது வேறொரு பெயர். ஒன்றை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் பதிந்துகொள்ளத் தொழில்நுட்பத்தில் தடையேதும் இல்லை. வலி மிகும் இடத்தைத் தேர்வுத்தாளில் தவறவிட்ட மாணவருக்கு அரை மதிப்பெண் குறையும். இங்கே தவறவிட்டவர் வேறு வாசலில் போய் நிற்பார்.

அப்படியானால் பிழை வடிவத்தையும் சரியான வடிவத்தையும் ஒரே உரிமையாளர்க்கே தர வேண்டும் என்று விதி செய்யலாமே என்பீர்கள். ஔகார மயக்கம் போன்ற வடிவ ஒப்புமைக்கு அப்படி விதி செய்வது முறை; அவை எண்ணிச் சொல்லக்கூடியவை. புணர்ச்சிக்கு அது பொருந்துமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. "வேலைக்காரி", "வேலைகாரி" என்பவற்றுள் வல்லெழுத்து மிகுவது ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் ஊர்ப்பெயர்களிலும் ஆள்பெயர்களிலும் மிகாமல் எழுதுவதே குடும்ப வழக்காக இருக்கலாம். அதைப் பிழை என்று ஒரு பொறி மறுப்பது தகாது. எழுத்தொப்புமையைப் பதிவகமும், சொல்லொப்புமையைப் பெயர் வைப்பவரும் கவனித்துக்கொள்வதே ஏற்ற பகிர்வு எனக் கருதுகிறோம். பள்ளிகளும் மன்றங்களும் தமிழில் பெயர் பதியும்போது இரு வடிவங்களையும் தாமே பதிந்துகொள்ளலாம். எந்தெந்த வடிவங்களை மக்கள் தட்டக்கூடும் என்று கணித்துச் சொல்ல ஒரு தமிழாசிரியரை அருகில் வைத்துக்கொள்வதும் நல்லது.

சென்ற வாரம் ஓர் இணையப் படிவத்தில் தமிழெழுத்திலான மின்னஞ்சல் முகவரி ஒன்றை இட்டுப் பார்த்தோம். "செல்லாத முகவரி" என்று சிவப்பில் விடை வந்தது. பெயர் வழங்கிகள் ஏற்றுக்கொண்டதைப் படிவத்தை எழுதிய நிரலர் ஏற்கவில்லை. இந்த அவையில் கணினி பயிலும் மாணவர்கள் சிலர் இருப்பதாக அறிகிறோம். நாளை அத்தகைய படிவங்களை எழுதப்போகிறவர்கள் நீங்கள்தாம்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.